கண்ணாடிக்குள் பெரியாயி

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் வைத்து அழுத்தினாள்.

உள்ளே, வெள்ளைத் துணியின் மேல் பெரியாயி இருந்தாள். முறத்தளவு கல். நடுவை நோக்கிச் சுருண்டுகொண்டே போகும் கல்.

பக்கத்தில் அட்டை. ‘அம்மோனைட். கடல்வாழ் உயிரினத்தின் புதைபடிவம். வயது சுமார் பத்துக் கோடி ஆண்டுகள்.’

அவள் அதை வாசிக்கவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன் அவர்கள் கொல்லையிலிருந்து அதிகாரிகள் இந்த அருங்காட்சியகத்துக்கு எடுத்து வந்தது. புருஷன்தான் கொடுத்தான். அவனுக்குச் சால்வை போட்டார்கள்.

மறு வருடம் பிறந்த மகளுக்கு நெஞ்சில் ஓட்டை.

இன்று மூன்று மணிக்கு ஆபரேஷன். எதிரே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில். அவன் அங்கே பிள்ளையோடு இருக்கிறான். இங்கே வர அவனுக்கு முகமில்லை.

உயிருக்குக் கண்டம் என்றால் பெரியாயிக்கு மஞ்சள் பூசுவார்கள். அந்த மஞ்சளை வழித்து நோயாளியின் நெற்றியில் வைப்பார்கள். அவர்கள் வீட்டில் அவ்வளவுதான் வழிபாடு.

முந்தானை முடிச்சில் மஞ்சள் இருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு இருபது.

“நத்தையப் போயி கும்புடுதுடா அந்தக்கா.” பின்னால் ஒரு கல்லூரி மாணவன் சிரித்தான்.

காவலர் வந்தார். சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையில் சவரிமுத்து என்று இருந்தது.

“யம்மா, கைய எடு. கண்ணாடியத் தொடக் கூடாது.”

“எங்க சாமிண்ணே அது. மூணு மணிக்குப் புள்ள நெஞ்ச அறுக்கப் போறாங்க. ஒத்த விரல் மஞ்சள். வச்சு எடுத்துக்கிட்டு ஓடிடறேன்.”

“வெள்ளிக்கெழமதாம்மா பெட்டியத் தொறப்போம், தூசி தட்ட. இன்னிக்குச் செவ்வாய்.”

“வெள்ளிக்கெழம எம்புள்ள இருக்கணுமேண்ணே.”

அவர் மேலே கேமராவைப் பார்த்தார்.

“என் வேல போயிடும்மா.”

அவள் மேற்கொண்டு கெஞ்சவில்லை. நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்தாள். அழுகைகூட வரவில்லை. மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. கல் மறைந்தது.

பதறிப்போய் முந்தானையால் துடைத்தாள். மறுபடி மங்கியது. மறுபடி துடைத்தாள்.

அதன்பின் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

சவரிமுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடிகாரத்தில் இரண்டு இருபத்தைந்து.

அவர் மாணவர்களிடம் போனார்.

“கொஞ்ச நேரம் வெளிய இருங்க தம்பி.”

“ஏன் சார்? நாங்க டிக்கெட் எடுத்திருக்கோம்.”

“அந்த டிக்கெட்டு ஓடிப்போயிடாது. போங்கய்யா.”

கதவைச் சாத்தித் தாழ் போட்டார். கால்சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். பெட்டிக்கு வந்து, சரியான சாவியைத் தேடிப் பூட்டில் நுழைத்தார்.

திருப்பவில்லை. அப்படியே நின்றார்.

அவள் சாவியையே பார்த்தாள். மனம் மாறிவிட்டாரோ?

அவர் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுக் குனிந்தார். சுவரில் ஒரு கையை ஊன்றி, ஒற்றைக் காலில் தடுமாறியபடி, பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார்.