இது என்னம்மா?

தன் கடல்மீன் தொட்டியை மட்டும் விட்டுவிட்டு, தேவசகாயத்தோடு கோபித்துக்கொண்டு மகள் பெனிட்டா போய் இரண்டு வருடமாகிறது. போனை எடுப்பதில்லை. தொட்டிப் பாறையில் புதிதாய் ஏதாவது முளைத்து, அவர் படம் பிடித்து, 'இது என்னம்மா?' என்று அனுப்பினால் மட்டும் பதில் வரும். 'கடல்பஞ்சுப்பா. இருக்கட்டும்.' அவ்வளவுதான்.

இன்று பழுப்பாய் ஒரு பூ விரிந்திருந்தது. தொட்டிக்கு உப்பு வாங்கப் போன வளர்ப்புமீன் கடையில் படத்தைக் காட்டியதும் கடைக்காரர் பதறினார். "அண்ணாச்சி, இது பூ மாதிரி இருக்க கடல் உயிரு, களைல்லா! எலுமிச்சைச் சாற ஊசில ஏத்தி அடிச்சிருங்க. விட்டா தொட்டி பூரா பரவிரும்."

தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவர், அதே படத்தை மகளுக்கு அனுப்பினார். 'இது என்னம்மா? தெரியலையே.'

பிறகு இறாலில் ஒரு துணுக்கைக் கிள்ளி, அந்தப் பூவின் வாயில் வைத்தார்.