ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுத்தம்

“யார் சார் இந்த வேலையைப் பண்ணினது?”

ரத்தப் பரிசோதனை நிலையத்தின் மாடி அறையில் அப்போது நான்கு பேர் இருந்தார்கள். ஜன்னலோரம் முதலாளியம்மா. அவருக்கு வலப்பக்கம் மேனேஜர். கதவருகே, கீழே ரிப்போர்ட் கேட்டுக் கத்தும் கூட்டத்துக்குப் பயந்து மேலே ஓடிவந்த வரவேற்புப் பெண். ரிப்போர்ட்டெல்லாம் தயாராகும் சர்வர் கம்ப்யூட்டருக்கு எதிரே முக்காலியில், அதைப் பழுதுபார்க்கும் கம்பெனி அனுப்பிய இன்ஜினீயர் பெண். கேட்டது அவள்தான்.

“வேற யாரு? நாலு மாசம் முன்னாடி வீட்டுக்கு அனுப்பினோமே, அந்தப் பெரியவர்தான்” என்றார் மேனேஜர். “பன்னண்டு வருஷமா மெஷினைப் பார்த்துக்கிட்டவர். கடைசியில அது ஆமையா நகர ஆரம்பிச்சுது. காலையில எடுத்த ரத்தத்துக்கு சாயங்காலம் ரிப்போர்ட். வந்தவங்க என் சட்டையைப் பிடிக்கிறாங்க!”

“அவர் போனதும் சரியாச்சா?”

“எங்க ஆச்சு? அவர் வச்சுட்டுப் போன வினைம்மா.”

“திறமை போதாதுன்னு சர்டிபிகேட்லயே எழுதிட்டீங்களே சார்” என்று முணுமுணுத்தாள் வரவேற்புப் பெண். “இனிமே அவரை யார் வேலைக்கு எடுப்பாங்க?”

இன்ஜினீயர் திரையை மேனேஜர் பக்கம் வெடுக்கென்று திருப்பினாள்.

“மெமரியில எது கொஞ்சம் சும்மா இருந்தாலும் டிஸ்க்குக்குத் தள்ளுன்னு ஒரு வரி. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் மிச்சத்தையும் துடைச்சுக் காலி பண்ணுன்னு இன்னொரு வரி. ரெண்டும் உங்க பாஸ்வேர்டுல ஏறியிருக்கு. மெஷின் படுத்தது அதுக்கு மறுநாள்.”

மேனேஜருக்கு முகம் கறுத்தது. “மெமரி தொண்ணூத்தெட்டு சதவீதம் நிரம்பிக் கிடந்துச்சும்மா! அந்த ஆள் குப்பையைச் சேர்த்து வச்சிருந்தார். நான் சுத்தம் பண்ணினேன்.”

அந்த அறையில் இருந்த மேனேஜரின் மேஜையில் ஒரு பேனாவும் மூக்குக் கண்ணாடியும் தவிர எதுவும் இருக்காது. அடுத்தவர் மேஜையிலும் இருக்க விடமாட்டார். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘துடைப்பம்’.

இன்ஜினீயர் எழுந்தாள். பேனாவையும் கண்ணாடியையும் எடுத்துப்போய், அறைக் கோடியில் இருந்த பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை முதலாளியம்மாவிடம் கொடுத்தாள்.

“இப்ப ஒரு கையெழுத்துப் போடுங்க. போய் எடுத்துட்டு வந்து போடுங்க. அஞ்சு நிமிஷத்துல நான் மறுபடி உள்ள வைப்பேன். நாள் பூரா ஓடுங்க, யார் ஆமைன்னு பார்ப்போம். அது குப்பை இல்ல சார்! அடிக்கடி கேக்குறதை அது கைக்கெட்டுற தூரத்துல வச்சிருந்துச்சு. இடம் வேணும்னா தானே ஒதுங்கிக் குடுக்கும்.”

ஒரு மெஷினுக்காகவா இவ்வளவு கோபம் என்று மேனேஜருக்கு மலைப்பாக இருந்தது.

அவள் துடைக்கச் சொன்ன வரியை அழித்தாள். டிஸ்க்குக்குத் தள்ளும் வரியில், எவ்வளவு தீவிரமாகத் தள்ள வேண்டும் என்பதற்கு நூறு என்றிருந்த எண்ணைப் பத்தாக்கினாள். பத்தே நிமிடம். கீழே பிரிண்டர் கடகடவென்று ஓட, “வருது மேடம், வருது!” என்று கூவியபடி, இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி மாடியேறி வந்தாள் வரவேற்புப் பெண்.

“இதைத்தானே அந்தப் பெரியவர் மூணு தடவை எழுதிக் குடுத்தார்? அந்தக் காகிதமெல்லாம் எங்க?” என்று கேட்டாள் இன்ஜினீயர்.

மேனேஜர் வரவேற்புப் பெண்ணை முறைத்தார். இவள்தான் வத்தி வைத்திருக்கிறாள். “மேஜையில காகிதம் தங்கக் கூடாதுன்னு... கிழிச்சுட்டேன்.”

முதலாளியம்மா பீரோ சாவியை மேனேஜர் முன்னால் விட்டெறிந்தார்.

“பேனாவை எடுத்துட்டு வந்து எழுதுங்க. அந்தப் பெரியவருக்கு. தப்பு உங்களோடதுன்னு. பழைய சர்டிபிகேட் செல்லாது, வேலைக்குத் திரும்பி வரணும்னு.”

மேனேஜர் எழுதினார். ‘தவறு ஏற்பட்டுவிட்டது’ என்ற இடத்தில் இன்ஜினீயர் விரல் வைத்தாள். “ஏற்படல சார். நீங்க செஞ்சீங்க.”

அடித்துத் திருத்தினார். முதலாளியம்மாவும் கையெழுத்துப் போட்டதும் கடிதத்தை மடித்து, உறையிலிட்டு, பசை தடவி ஒட்டினார்.

“அட்ரஸ் ஃபைல்ல இருக்கும். எழுதி இன்னிக்கே தபால்ல சேர்த்துடுறேன்.”

இன்ஜினீயர் உறையை அவர் கையிலிருந்து வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

“தபால் வேணாம் சார். நாலு மாசமா அறைக் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்திருக்கார், வேற யார் தட்டினாலும் திறக்கிறதில்ல. நான் தட்டினா எங்க அப்பா திறப்பார்.”