பெருவிரல் மை

“பதினோராயிரத்து அறுநூறு ரூபா, அண்ணே. நீதான் தரணும்.”

இரும்புலியூர் டீக்கடையில் எல்லார் எதிரிலும் மாணிக்கவேலிடம் கேட்டாள் அங்காளம்மா. பம்ப் கம்பெனியில் அவரோடு இருபது வருஷம் லோடு ஏற்றியவள்.

கம்பெனியை வாங்க வந்த புது முதலாளி, தொழிலாளர்கள் கையிலிருந்த பங்குகளையும் முந்நூற்றுப் பத்து ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாக நோட்டீஸ் அனுப்பியிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக்கூட்டக் கற்ற மாணிக்கவேல்தான் அதைப் படித்து, “குடுத்துடலாம்” என்றார். இருநூறு பேர் கொடுத்தார்கள். மறுமாதமே சந்தையில் விலை நானூற்று ஐம்பத்தைந்து.

“என்னுது எம்பது பங்கு. ஒண்ணுக்கு நூத்தி நாப்பத்தஞ்சு போச்சு. எங்கள விக்க வுட்டுட்டு நீ மட்டும் வச்சிகினு கீற.”

“நானும்தான் எழுதிக் குடுத்தேன். பழைய பதிவுல கைநாட்டு கீது, நான் கையெழுத்து போட்டுட்டேன். ஆளு வேறன்னு திருப்பி அனுப்ட்டான். அதுக்குள்ள தேதி முடிஞ்சிபோச்சு.”

“படிச்சதுக்கு நல்ல லாபம்” என்றார் டீ மாஸ்டர். கடையே சிரித்தது.

“உன் பணம் வந்து சேரும், அங்காளம்மா. ரெண்டு மாசம் டைம் குடு.”

அடுத்த வாரம் புது முதலாளியின் ஆள் கேஷவ், மைப்பெட்டியோடு வீட்டுக்கே வந்தான்.

“உங்க பங்கும் சேர்ந்தா எங்களுக்கு வேண்டியது முழுசாயிடும், பெரியவரே. நேரா எங்களுக்கே குடுத்துடுங்க. நானூறு.”

“நானூத்தி அம்பத்தஞ்சு, சார்.”

“சரி. வெளிய சொல்லிடாதீங்க.”

“நான் யாருகிட்ட சொல்லப் போறேன். வெலைய மட்டும் ஒரு சீட்டுல எழுதி, கம்பெனி சீல் வச்சிக் குடுங்க. இல்லன்னா வூட்ல பேஜார் பண்ணுவா.”

கைநாட்டு ஆள்தானே என்று கேஷவ் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தான். மாணிக்கவேல் பெருவிரலை மையில் ஒற்றிப் பத்திரத்தில் வைத்தார்.

கார் வந்து போனதை அங்காளம்மா பார்த்துவிட்டாள். “எங்களுக்கு முந்நூத்திப் பத்து, தொரைக்கு மட்டும் காரு வருது” என்று தெருவெல்லாம் சொன்னாள். அதன்பின் அவரோடு பேச்சில்லை.

ஏழாவது வாரம், செல்போனை நீட்டிக்கொண்டு அவளே ஓடிவந்தாள்.

“அண்ணே, பேங்க்ல பதினோராயிரத்து அறுநூறு வந்துகீது. நீயா போட்ட? வித்தவங்க எல்லாருக்கும் வந்துகீதாமே?”

“எங்கிட்ட ஏது அவ்ளோ? புது மொதலாளி போட்டது.”

மாணிக்கவேல் பழைய நோட்டீஸை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் கோடிட்டிருந்த வரியை விரல் வைத்துப் படித்தார்: “ஆறு மாதத்துக்குள் வேறு ஒருவரிடம் நேரடியாகக் கூடுதல் விலைக்கு வாங்கினால், முன்பு விற்ற அனைவருக்கும் அந்த வித்தியாசம் வழங்கப்படும்.”

அங்காளம்மா நோட்டீஸை வாங்கிப் பென்சில் கோட்டைப் பார்த்தாள்.

“காருல வந்தவன் வெல எழுதிக் குடுத்த சீட்டோட, பங்கு விவகாரம் பாக்குற சர்க்கார் ஆபீசுக்கு நானே எழுதிப் போட்டேன், அதுல மட்டும் கையெழுத்து. என் கடன் தீந்துச்சா, அங்காளம்மா?”