நூல் தொங்கிய மீன்

"முதல்ல உங்க கார் டிக்கியத் திறங்க சார்."

பிரிஸ்கில்லா இப்படிச் சொன்னதும், காலை ஷிப்ட் முடிந்து கேட்டில் வரிசையாக நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த ஷூ கம்பெனியில் கூலிக்காரியின் பையைத் திறக்கலாம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கலாம், உடம்பைத் தடவியும் பார்க்கலாம். ஒரு தோல் துண்டு வெளியே போய்விடக் கூடாது. முதலாளியின் கார் மட்டும் கண்ணாடிகூட இறங்காமல் போகும். அதே கம்பெனியில் இருபது வருஷம் பசை தடவிய அவள் அம்மா, மகள் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியனுப்பினாள்: "எது வேணா கேளு. எங்கள செக் பண்றீங்களே, உங்கள யாரு செக் பண்றதுனு மட்டும் கேட்டுடாத."

முதலாளி சுந்தர்ராஜுக்குக் காது சிவந்தது. "இன்னா சொன்ன?"

"காணாமப் போனது ஒரு செத்த மீன். டப்பாவுல போகும்னா டிக்கிலயும் போகும்ல சார்?"

ஷூ வாங்க வரும் வெளிநாட்டு பையர்கள் பார்த்து மகிழ, வரவேற்பறைக் கண்ணாடித் தொட்டியில் கையளவு கோய் கெண்டை ஐந்து நீந்திக்கொண்டிருந்தன. இரண்டு நாளாகச் சோர்ந்து கிடந்து, இன்று காலை ஐந்தும் மிதந்தன. தரை துடைக்கிற மஹ்பூபி ஃபினாயில் ஊற்றிக் கொன்றுவிட்டாள் என்று உடனே தீர்ப்பாகிவிட்டது. பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று போன வாரம் கம்பெனியைச் சோதிக்க வந்த ஆடிட்காரர்களிடம் சொன்னவள் மஹ்பூபி. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? போலீசுக்கு போன் போயாயிற்று.

செத்த மீன்களை பாய்லரில் போடச் சொன்னார் மேனேஜர் அபினேஷ், முதலாளியின் அக்கா மகன். பாய்லருக்கு வந்து சேர்ந்தது நாலுதான்.

"அஞ்சாவத இவதான் ஒளிச்சிருக்கா. ஃபினாயில் நாத்தம் காட்டிக் குடுத்துடும்ல" என்றார் சுந்தர்ராஜ். "எவளோ ஒருத்தி டப்பாவுலதான் வெளிய போகப் போவுது. ஒவ்வொரு டப்பாவா திற!"

"அல்லா சத்தியமா நான் ஊத்தல சார்" என்று மஹ்பூபி சுவரோரம் அழுதுகொண்டிருந்தாள்.

பிரிஸ்கில்லா அவர்கள் வீட்டின் முதல் டிகிரி. விலங்கியல். அதற்கு மரியாதையாக, தரம் பார்க்கும் வேலையோடு மீனுக்குத் தீனி போடுவதையும் தலையில் கட்டியிருந்தார்கள்.

"விஷம்னா, போலீஸ் வர்றதுக்குள்ள மீன ஏன் சார் எரிச்சீங்க?" என்று அபினேஷிடம் கேட்டாள்.

"நாத்தம்மா."

"மீன் வந்த அன்னிக்கே சொன்னேன். ஒடம்புல நூல் மாதிரி தொங்குதே, அது நங்கூரப் புழு. தல உள்ள சதையில கொக்கி போட்டிருக்கும். புது மீன ரெண்டு வாரம் தனித் தொட்டியில வெக்கணும், இடுக்கியால புழுவ முழுசா இழுத்து எடுத்துக் காயத்துக்கு மருந்து போடணும், தண்ணியில இருக்கற குஞ்சுப் புழுவுக்கும் மருந்து விடணும்னு சொன்னேன். நீங்க இன்னா சொன்னீங்க?"

"இம்போர்ட்டட் ரகம், அப்டித்தான் நூல் தொங்கும்னாரு!" வரிசையில் எவளோ எடுத்துக் கொடுத்தாள். சிரிப்பு கிளம்பியது.

அபினேஷ் அதோடு விட்டிருந்தால்கூட மீன்கள் பிழைத்திருக்கும். பையர் வருகிறார் என்றதும் அவருக்குள் இருந்த ஷூக்காரர் விழித்துக்கொண்டார். நூல் தொங்கினால் ஷூ ரிஜெக்ட். மீன் மட்டும் என்ன ஒசத்தி? ஃபினிஷிங் செக்‌ஷனிலிருந்து நூல் வெட்டுகிற பெண்ணை வரவழைத்து, வலையில் ஒவ்வொரு மீனாகத் தூக்கி, தொங்கியதையெல்லாம் ஒட்ட நறுக்கச் சொன்னார். வெளியே இருந்த உடம்பு போயிற்று. தலை உள்ளேயே கிடந்து அழுகியது.

"கத விடாத. ஆதாரம் எங்க?" என்றார் சுந்தர்ராஜ்.

"நாலு பாய்லர்ல. அஞ்சாவது, ஆதாரம் யாருக்கு வேண்டாமோ அவங்க வண்டியில. அதான் சார், டிக்கியத் திறங்க."

பெண்கள் முணுமுணுத்தார்கள். அபினேஷின் முகம் வெளுத்தது. அது முதலாளிக்கு இன்னும் ரோஷத்தைக் கிளப்பியது.

"டேய் காசி! கேட்ட விட்டுட்டு செக்யூரிட்டி எல்லாரும் இங்க வாங்க. எல்லாரும் சாட்சி. ஒண்ணுமில்லன்னா இவளையும் சேத்து ஸ்டேஷனுக்கு அனுப்பறேன்."

வரிசை கலைந்து காரைச் சூழ்ந்தது. அந்தக் காரின் உள்பக்கத்தை யாரும் பார்த்ததில்லை. டிக்கியில் ஒரு குடை, இரண்டு ஷூ பெட்டி, ஒரு தண்ணீர் கேன்.

"ஸ்டெப்னிக்கு அடியில பாக்கலியே காசிண்ணா?" என்றாள் பிரிஸ்கில்லா.

காசி தயங்கினான். சுந்தர்ராஜே குனிந்து ஸ்டெப்னியைத் திருகத் தொடங்கினார்.

பிரிஸ்கில்லா கழுத்திலிருந்த கம்பெனி அட்டையைக் கழற்றி கார் கூரைமேல் வைத்தாள். இனி அது கழுத்தில் ஏறப் போவதில்லை. மஹ்பூபியின் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "அழாதீங்கக்கா. போலீஸ் வந்தா எதுலயும் கையெழுத்து போட்டுடாதீங்க. நான் வந்துடறேன்."

சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆளில்லாத செக்கிங் மேஜையைத் தாண்டி ரோட்டுக்கு வந்தாள். வேலூர் பஸ் வந்தது. ஏறினாள்.

உள்ளே சுந்தர்ராஜ் ஸ்டெப்னியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்துவது ரோடு வரை கேட்டது: "பாத்தீங்களா? ஒண்ணுமில்ல! எவளோ ஒருத்தி டப்பாவுலதான் இருக்கு!"

காலையிலிருந்து அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை: கேன்டீன் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே, நறுக்கிய புழுக்களின் தலைகள் சதைக்குள் அப்படியே புதைந்திருக்க, ஐந்தாவது மீன் பிரிஸ்கில்லாவின் டப்பாவில் மீன்வளத் துறை ஆபீசுக்குச் சோதனைக்குப் போய்க்கொண்டிருந்தது.