ஏழாம் நம்பர் கட்டில்

வார்டு வாசலில் பையும் கையுமாகத் தையல்காரரைப் பார்த்ததும் நர்ஸுக்குப் பகீரென்றது. முன்பெல்லாம் மாதம் தவறாமல் கால் வீங்கி, மூச்சு வாங்க வந்து ஏழாம் நம்பர் கட்டிலில் படுப்பவர். ஆறு மாதமாகத்தான் ஆளைக் காணோம்.

"என்னண்ணே, மறுபடியுமா? உங்க தெரு கிளினிக் டாக்டர் தினமும் போன் போட்டு உங்க எடையைக் கேக்கறாரு, அதனாலதான் நீங்க இந்தப் பக்கமே வர்றதில்லைன்னு எல்லார்கிட்டயும் பெருமையடிச்சேனே!"

"கேப்பாரு சிஸ்டர். உடம்புல நீர் கோத்து ரெண்டு கிலோ கூடினா அன்னிக்கே கூப்பிட்டு மாத்திரையை மாத்திக் குடுத்துடுவாரு. மூணு நாளா போனே வரல."

"மூணு நாள்ல உடம்பைக் கெடுத்துக்கிட்டீங்களாக்கும்! உட்காருங்க. நானே லீவு முடிஞ்சு இப்பத்தான் உள்ள வர்றேன். உங்க ஏழாம் நம்பர்ல வேற யாரோ இருக்காங்களாம்."

"தெரியும். அங்கதான் போகணும்."

மனிதர் விறுவிறுவென்று நடந்தார். மூச்சு வாங்கியது பின்னால் ஓடிய நர்ஸுக்குத்தான்.

ஏழாம் நம்பரில் கால் வீங்கிப் படுத்திருந்தவர், சாட்சாத் அந்தக் கிளினிக் டாக்டரேதான்! ஊர் மாத்திரையை எல்லாம் கவனித்தவர், தன் பிரஷர் மாத்திரையைக் கோட்டை விட்டிருந்தார்.

தையல்காரர் பையிலிருந்து எடை மெஷினை எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தார்.

"டாக்டர் தம்பி, வீட்டுக்குப் போனதும் தினமும் காலையில இதுல ஏறி நிக்கணும். ஏழு மணிக்கு நான் போன் போடுவேன். குறைச்சுச் சொல்லித் தப்பிக்கலாம்னு பாக்காதீங்க. உங்க இடுப்பளவு என் நோட்டுல இருக்கு!"