பெட்டி மட்டும் கிடையாது

“கிடாரை எடுத்துக்குங்கண்ணே. பெட்டி மட்டும் கிடையாது” என்று மூன்றாம் முறையாகச் சொன்னார் மிலூத்.

ஹுவாரி கிடாரை மடியிலிருந்து இறக்கவில்லை. அதன் கழுத்து வளையவில்லை, முறுக்காணிகள் இறுக்கமாக இருந்தன, தந்திகள்கூடப் புதியவை. இவ்வளவு நல்ல வாத்தியத்தைப் பாதி விலைக்குத் தர ஒருவர் முன்வந்தால், அதில் மறைந்திருக்கும் வில்லங்கம் என்னவோ என்று அஞ்சுவது அவருடைய வழக்கமாகியிருந்தது.

அந்த அச்சத்திற்குக் காரணம் இருந்தது. சென்ற ஆண்டு, முன்பின் அறியாத ஒருவரிடம் வாங்கிய கிடாருடன் அவர் ஒரு கல்யாண மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோது, விருந்தினர் ஒருவர் எழுந்து வந்து, அது தம்மிடமிருந்து களவு போனது என்றார். மணமகன் வீட்டாரே ஹுவாரியைக் காவலரிடம் ஒப்படைத்தார்கள். அதன்பின் ஐந்து மாதம் யாரும் அவரை வாசிக்க அழைக்கவில்லை. இன்னொரு முறை அப்படி நேர்ந்தால், மொஸ்தகனெம் துறைமுக நகரில் அவருடைய பிழைப்பு முடிந்துவிடும்.

ஆகவே, இம்முறை அவர் விற்பவரின் வீட்டுக்கே வந்தார். கடையில் வாங்கிய பழைய ரசீதைக் கேட்டார். மிலூத் தம் பெயரில் இருந்த ரசீதைத் தயங்காமல் காட்டினார். நாளைக் காலை நகராட்சி அலுவலகத்தில் விற்பனைப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்திட்டு முத்திரை பெறலாம் என்று ஹுவாரி சொன்னபோதுதான் அந்த இளைஞரின் முகம் மாறியது.

“நாளைக்கு நான் ஊர்ல இருக்க மாட்டேண்ணே. பணம் இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வேணும்.”

ஹுவாரி அறையைச் சுற்றிப் பார்வையை ஓட்டினார். குளியலறைகளுக்கு ஓடு பதிக்கும் வேலை செய்யும் மிலூத்தின் வீட்டில், ஓடுகளோ கருவிகளோ எவையும் இல்லை. சுவரில் ஒரு குருவிக் கூண்டு காலியாகத் தொங்கியது. சன்னலுக்கு வெளியே கடல் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தது. உள்ளறை வாயிலில் மிலூத்தின் மனைவி கைரா, மடியில் உறங்கிய பெண்குழந்தையைத் தலைமுதல் குதிகால்வரை ஒரு நூலால் அளந்து, நூலின் முனையில் முடிச்சிட்டார். சட்டை தைப்பதற்காக இருக்கும் என்று ஹுவாரி எண்ணிக்கொண்டார். வந்ததிலிருந்து அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கிடாருக்குரிய பெட்டி மிலூத்துக்குப் பின்னால் சுவரோரம் கிடந்தது. கனத்த ஃபைபர் பெட்டி. அதன் மீது ஒரு போர்வை போர்த்தியிருந்தது. பெட்டிக்கெனத் தனியாகப் பணம் தருவதாக ஹுவாரி சொன்னார். மிலூத் மறுத்தார். ஹுவாரி அதை இரட்டிப்பாக்கினார். மிலூத் அதற்கும் மறுத்தார். பணத்திற்கு இவ்வளவு அவசரப்படுபவர், வரும் பணத்தை வேண்டாம் என்பானேன்?

“உள்ள மாமியாரையா தம்பி பூட்டி வெச்சிருக்க?” என்று ஹுவாரி கேலியாகக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

அப்போது மிலூத்தின் கைப்பேசி ஒலித்தது. அவர் சன்னலருகே சென்று குரலைத் தாழ்த்தினார்.

“பத்துன்னுதானே பேச்சு. இப்ப வந்து பதினேழுங்கறீங்க. தாங்குமா?”

அவர் திரும்பியபோது முகம் வெளிறியிருந்தது. கைராவை ஒருமுறை பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். கைரா குழந்தையை இன்னும் நெருக்கமாக அணைத்தார்.

ஹுவாரி யோசித்தார். ரசீது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் இந்த வீட்டில் வேறு ஏதோ நடக்கிறது. நாளை இவரைத் தேடிக் காவலர் வந்தால், இவரிடமிருந்து கடைசியாகப் பொருள் வாங்கியவர் யார் என்றுதானே முதலில் விசாரிப்பார்கள்? அவர் கிடாரைப் பாயில் வைத்துவிட்டு எழுந்தார்.

“பெட்டியைத் திறந்து காட்டு. இல்லேன்னா எனக்கு இந்தக் கிடார் வேணாம்.”

  மிலூத் போர்வையை விலக்கி, மெல்லப் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே எதுவும் இல்லை. கிடாரைத் தாங்கும் மெத்தை முழுவதும் பிய்த்தெடுக்கப்பட்டு, அடியில் ஒரு சிறு தலையணை மட்டும் கிடந்தது. குளியல் தொட்டியின் ஓரங்களில் பூசும் வெண்பசை, அடிப்பெட்டியின் விளிம்பெங்கும் தடிமனாகப் பூசப்பட்டிருந்தது. மூடியில், விரல் நுழையாத அளவில், வரிசை வரிசையாகத் துளைகள்.

ஹுவாரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எல்லைக்கு அப்பாலிருந்து பாட்டுக் குருவிகளைக் கடத்துபவர்கள் இப்படித்தான் பெட்டிகளில் துளையிடுவார்கள். எச்சம் வெளியே ஒழுகாதிருக்க அடியை அடைப்பார்கள். காலிக் கூண்டு, பத்து, பதினேழு என்ற கணக்கு, ஊரைவிட்டு ஓடும் அவசரம் எல்லாம் பொருந்தின.

“குருவி கடத்தறவன் வீட்லயா நான் உக்காந்து பேரம் பேசினேன்? மூச்சு விட ஓட்டை வேற போட்டிருக்க. நல்லா இரு தம்பி. நான் கிளம்பறேன்.”



கைரா எழுந்து வந்தார். குழந்தையைத் தோளில் சாய்த்தபடி மண்டியிட்டு, முடிச்சிட்ட நூலைப் பெட்டிக்குள் நீளவாக்கில் வைத்துப் பார்த்தார். நூல் சரியாகப் பொருந்தியது. ஹுவாரியை அவர் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

“ராத்திரி கடல் தாண்டறப்ப படகு கவுந்தா, இவளாவது மிதப்பாண்ணே.”