போலகத்துக்குப் போன கார்டு

அரசாங்கத் தபால் கார்டில் பச்சைப் பொய் எழுதிய குற்றத்துக்காக, டாக்டர் மத்லேன் முன்னால் நின்றுகொண்டிருந்தார் குமாஸ்தா சோமசேகரன்.

காசநோய் மாத்திரை வாங்க வராதவர்களுக்கு ஞாபகப்படுத்திக் கார்டு போடுவது அவர் வேலை. டாக்டர் காரைக்காலுக்கு மாற்றலாகி வந்து பத்து நாள்தான். அதற்குள் ஒரு கார்டு கண்ணில் பட்டுவிட்டது.

"'தங்களுக்குப் பார்சல் வந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.' என்னங்க இது?"

"மாத்திரைன்னு எழுதினா ஒருத்தரும் வரலீங்க டாக்டர். இப்ப சலவை வேட்டி கட்டிக்கிட்டு வர்றாங்க."

"ஏழைங்களை ஏமாத்துறது பாவமில்லையா? இனிமே உள்ளதை உள்ளபடி எழுதுங்க."

அன்று செவ்வாய்க்கிழமை. போலகம் கிராமத்துக் கருப்பையன் கார்டும் கையுமாக வந்து நின்றார். டாக்டருக்கு மனசு கேட்கவில்லை.

"ஐயா, உங்களுக்குப் பார்சல் எதுவும் வரலை. மாத்திரைதான். இவர் பொய் எழுதிட்டார், மன்னிச்சுக்குங்க."

"தெரியுமே. நாலு மாசமா மாத்திரைதானே வாங்கிட்டுப் போறேன்."

டாக்டர் சோமசேகரனைப் பார்த்தார். சோமசேகரன் மின்விசிறியைப் பார்த்தார்.

"அடுத்த கார்டுல சரியா எழுதிடுவோம்," என்றார் டாக்டர்.

கருப்பையன் பதறிப்போனார். "அந்தக் காரியம் மட்டும் வேணாம் டாக்டரம்மா. எனக்குப் படிக்கத் தெரியாது. தபால்காரர் தெருவுல நின்னுதான் படிப்பார். முத கார்டுல காசநோய்னு படிச்சார். அன்னையிலேருந்து டீக்கடையில உட்கார விடலை. வயல் வேலைக்குக் கூப்பிடலை."

"அப்புறம்?"

"அடுத்த கார்டுல பார்சல்னு படிச்சார். காரைக்கால்ல வீட்டுக்கு ஒருத்தர் பிரான்சுலதானே? எனக்கும் அங்க யாரோ இருக்காங்கன்னு ஊரே முடிவு பண்ணிடுச்சு. பழசை அத்தனை பேரும் மறந்துட்டாங்க. இப்ப பெஞ்சைத் துடைச்சுவிட்டு உட்காரச் சொல்றாங்க. நான் இருமினாக்கூட, 'சீமைப் பண்டம் ஒத்துக்கலையா?'ன்னு அக்கறையாக் கேட்கிறாங்க."

சோமசேகரனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கருப்பையன் சிரிக்கவில்லை.

"மறுபடி காசநோய்னு கார்டு வந்தா, நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்மா. செத்தாலும் சரி."

டாக்டர் அவருடைய சீட்டைப் புரட்டினார். சளியில் இப்போது கிருமி இல்லை, யாருக்கும் ஒட்டாது. ஆனால் மாத்திரை இன்னும் எட்டு மாசம் பாக்கி. நடுவில் விட்டால் ஆள் தேறமாட்டார்.

சீட்டை மூடிவைத்துவிட்டு, புதுக் கார்டு ஒன்றை எடுத்து சோமசேகரன் பக்கம் தள்ளினார்.

"வெறும் பார்சல்னு எழுதாதீங்க. 'பிரான்சிலிருந்து'ன்னு சேர்த்து எழுதுங்க."